வாக்கு இயந்திரத்தைத் தொட்டுப் படிக்கும் பாடம்

ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் தேர்தல் பாடத்தை மூன்று பாடவேளைகளில் முடித்துவிடலாம். தேர்தல் ஆணையம், கட்சிகள், அழுத்தக் குழுக்கள் என்று குறிப்பெழுத வைத்து, ஒரு மதிப்பெண் வினாக்களையும் பயிற்சி கொடுத்துவிட்டால் பாடம் முடிந்தது. ஆனால் நாங்குநேரி வட்டாரத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் பாடநூலிலிருந்து வருவதில்லை, வீட்டிலிருந்து வருகின்றன. "எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஒரே ஆளுக்குத்தான் போகுமாம்லா சார், எங்க ஆச்சி சொல்லுதா." "கண்ணு தெரியாதவங்க எப்படி சார் ஓட்டுப் போடுவாங்க?" இவ்விரண்டு கேள்விகளுக்கும் ஒழுங்கான விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம். தேர்தல் நாளில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக அந்த மேசையில் உட்கார்ந்திருப்பதும் நாம்தானே!

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கு அட்டைப்பெட்டி ஒன்றும், நீலநிற பாட்டில் மூடிகளும், பாசிமணிகளும் போதும். வாக்காளர் பொத்தானை அழுத்தும் கருவியில் 16 நீலப் பொத்தான்கள் மேலிருந்து கீழாக வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் பக்கத்தில் வரிசை எண் பிரெய்லிப் புள்ளிகளாகப் புடைத்து நிற்கும். பல தேர்தல்களில் பணி செய்தவர்களிலும் அதை விரலால் தடவிப் பார்த்தவர்கள் குறைவு. 2004-இல் ஆந்திரத்தின் ஆசிஃப்நகர் இடைத்தேர்தலில் பிரெய்லி வசதி சோதித்துப் பார்க்கப்பட்டு, பிறகு எல்லா இயந்திரங்களுக்கும் வந்தது. வேட்பாளர் பட்டியலின் பிரெய்லித் தாளும் வாக்குச்சாவடியில் இருக்கும். பார்வையற்ற வாக்காளர் அதைப் படித்து, தாம் விரும்புபவரின் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, இயந்திரத்தில் அந்த எண்ணைத் தொட்டு அழுத்தலாம்.

அட்டைப் பெட்டியில் ஐந்து மூடிகளை ஒட்டி, பக்கத்தில் பாசிமணிகளால் பிரெய்லி எண்களைப் பதிக்கச் சொல்லுங்கள். பிரெய்லி ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளிகள்: இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. எண் வருகிறது என்று காட்ட முதலில் 3, 4, 5, 6 ஆகிய புள்ளிகள் வரும். அடுத்த கட்டத்தில் 1-ஆம் புள்ளி மட்டும் இருந்தால் எண் ஒன்று; 1, 2 இருந்தால் இரண்டு; 1, 4 இருந்தால் மூன்று; 1, 4, 5 இருந்தால் நான்கு; 1, 5 இருந்தால் ஐந்து. ஒரு பாடவேளையிலேயே பிள்ளைகள் இதைக் கற்றுக்கொள்வார்கள். பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு வகுப்புத் தலைவர் தேர்தலுக்கு வாக்களிக்கட்டும். நான்கையும் ஐந்தையும் குழப்பிக்கொள்வார்கள், குழப்பிக்கொள்ளட்டும். பாளையங்கோட்டையில் அஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி 1890 முதல் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் விரலால் படிப்பது ஒரு முழு எழுத்துமுறை என்பதும் அப்போது புரியும்.

இங்கேயே ஒரு குறையையும் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். முதுமையிலோ சர்க்கரை நோயாலோ பார்வை போனவர்களுக்குப் பிரெய்லி தெரியாது. அவர்கள் பொத்தான்களை மேலிருந்து எண்ணித்தான் அழுத்த வேண்டும். வேட்பாளர்கள் சிலரே என்றால் எண்ணிவிடலாம். 2023-இல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றார்கள். ஒரு கருவிக்கு 16 என்பதால் ஐந்து கருவிகளை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. பார்வை உள்ளவர்களுக்கே அங்கே தேடுவது கடினம். (இதற்கும் முன்னோடி உண்டு. 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள்.)

இன்னொன்று: வாக்களித்ததும் விவிபேட் கருவியின் சாளரத்தில் ஏழு விநாடி ஒரு சீட்டு தெரிகிறது. வேட்பாளரின் எண், பெயர், சின்னம் அதில் இருக்கும். 'நாம் போட்ட வாக்கு சரியாகத்தான் விழுந்தது' என்ற உறுதியைத் தருவது அந்தச் சீட்டு. ஆனால் அது கண்ணுக்கு மட்டும் தரப்படும் உறுதி. பார்வையற்றவருக்குக் கிடைப்பது 'பீப்' ஒலி மட்டும். வாக்கு விழுந்தது என்று தெரியும், யாருக்கு என்று தெரியாது. ஒலி வழியாகச் சொல்லும் வசதி நம் இயந்திரத்தில் இல்லை. அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் மாற்றுத்திறனாளிகள் தாமே ரகசியமாக வாக்களிக்கத்தக்க கருவி ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது. காதொலிக் கருவி வைத்து ஏழு விநாடிச் சீட்டைப் படித்துக் காட்ட முடியாதா என்று ஒரு பிள்ளை கேட்டால், அறிவியல் ஆசிரியரிடம் அனுப்புங்கள். நல்ல செயல்திட்டம் ஆகும்.

துணையாளர் விதியை நடித்துக் காட்டச் சொல்ல வேண்டும். தேர்தல் நடத்தை விதிகள் 1961-இன் 49-என் விதிப்படி, பார்வைக் குறைவாலோ உடல் நலிவாலோ சின்னத்தை அடையாளம் காணவோ பொத்தானை அழுத்தவோ இயலாதவர் ஒரு துணையாளரை அழைத்துச் செல்லலாம். துணையாளருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அவர் அன்று ஒருவருக்கு மட்டுமே துணையாக வரலாம். வாக்கின் ரகசியத்தைக் காப்பேன் என்று உறுதிமொழியும் தர வேண்டும். ஒரு மாணவர் தலைமை அலுவலர், ஒருத்தி பார்வையற்ற ஆச்சி, இன்னொருவர் காலையிலிருந்து மூன்றாவது ஆச்சியைக் கைபிடித்துக் கூட்டி வரும் ஊர்ப் பெரியவர். "நம்ம பெரியம்மைதான், நான் போட்டுவிட்டுருதேன்" என்று அவர் சொல்லும்போது அலுவலர் என்ன செய்ய வேண்டும்? மாணவர்கள் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள். பெரியவரிடம் மறுத்துப் பேசுவது நம் ஊரில் எளிதா என்ன! மறுப்பதற்கு முன், "பெரியம்மா, நீங்களே தொட்டுப் போடுதீயளா?" என்று ஆச்சியிடம் கேட்க வேண்டும் என்பது யாராவது ஒருவருக்குத் தோன்றும் வரை நடிப்பைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். பார்வையில்லை என்பதாலேயே துணை கட்டாயமில்லை. இயலாதபோது மட்டுமே துணை.

இனி ஆச்சியின் சந்தேகம். "அப்படியெல்லாம் இல்லை" என்று ஒரே வரியில் அடக்கிவிடுவது ஆசிரியருக்கு அழகல்ல. சந்தேகத்துக்கு நடைமுறையைக் காட்டித்தான் விடை தர வேண்டும்.

முதலில் இயந்திரத்தின் கதை. 1982-இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக இயந்திரம் பயன்பட்டது. சட்டத்தில் வாக்குச்சீட்டு என்றுதான் இருக்கிறது என்று கூறி 1984-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அந்த வாக்குச்சாவடிகளில் சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடந்தது. 1988-இல் சட்டத்தைத் திருத்திய பிறகே இயந்திரத்துக்கு இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2001 சட்டப்பேரவைத் தேர்தல் முழுவதும் இயந்திரத்தில் நடந்தது. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இதன் உருவாக்கத்தில் பங்குபெற்றவர் நம் எழுத்தாளர் சுஜாதா என்பதைச் சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அடுத்து, வாக்குப்பதிவு தொடங்கும் முன் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போட்டு நடத்தும் மாதிரி வாக்குப்பதிவு. வேட்பாளர்களின் முகவர்கள் கணக்குப் பார்த்து, விவிபேட் சீட்டுகளோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட்ட பிறகு, எண்ணிக்கையை அழித்து, முத்திரை வைத்து, அதன்பின்தான் முதல் வாக்காளர் உள்ளே வருவார். மாலையில் 17-சி படிவத்தில் பதிவான மொத்த வாக்குகளைக் குறித்து முகவர்களிடம் நகல் தருகிறோம். எண்ணும் நாளில் அந்த எண்ணும் இயந்திரம் காட்டும் எண்ணும் பொருந்த வேண்டும். வகுப்புத் தேர்தலிலும் இப்படியே செய்யுங்கள்: பதிவேட்டில் கையெழுத்திட்டோர் எத்தனை, பெட்டியில் விழுந்தவை எத்தனை என்பதை எழுதி, போட்டியிடும் மாணவர்களின் 'முகவர்கள்' கையெழுத்திடட்டும். ஒரு வாக்கு கூடினாலும் குறைந்தாலும் எண்ணிக்கையை நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும்.

பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியருக்கு ஒரு வேலை உண்டு. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியபடி, ஒவ்வொரு சட்டப்பேரவைத் தொகுதியிலும் குலுக்கல் முறையில் தேர்ந்த ஐந்து வாக்குச்சாவடிகளின் விவிபேட் சீட்டுகள் எண்ணப்படுகின்றன. ஐந்து போதுமா? தொகுதியில் 300 வாக்குச்சாவடிகள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 30 இயந்திரங்கள் பிழையானவை என்றால், எடுக்கும் ஐந்திலும் பிழை இயந்திரம் ஒன்றுகூட வராமல் போகும் நிகழ்தகவு 270/300 × 269/299 × 268/298 × 267/297 × 266/296. விடை ஏறத்தாழ 0.59. பிள்ளைகள் திகைப்பார்கள். உடனே அடுத்த கணக்கைக் கொடுங்கள். மாநிலத்தின் 234 தொகுதிகளிலும் ஐந்தைந்து எடுத்தால் 1,170. எல்லாத் தொகுதியிலும் நூற்றில் ஓர் இயந்திரம் பிழை என்றாலும், 1,170-இல் ஒன்றுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்ற அளவுதான். பரவலான முறைகேட்டை இந்தச் சோதனை நிச்சயம் காட்டிக்கொடுக்கும். ஒரு தொகுதிக்குள் நேரும் சிறு கோளாற்றைக் காட்டாமல் விடலாம். இரண்டையும் தெரிந்துகொண்ட பிள்ளை வதந்தியையும் நம்பாது, வெறும் சமாதானத்தையும் நம்பாது. 2024 ஏப்ரல் தீர்ப்பில் வாக்குச்சீட்டுக்குத் திரும்ப மறுத்த உச்ச நீதிமன்றம், அடுத்த இடங்களைப் பெற்ற வேட்பாளர்கள் கேட்டால் ஒரு தொகுதியின் ஐந்து விழுக்காடு இயந்திரங்களைச் சரிபார்க்க வழி செய்தது. ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றமோ 2009-இல், சிறப்பு அறிவில்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்று சொல்லி, அங்கே பயன்படுத்திய வாக்கு இயந்திரங்களை ஏற்கவில்லை. இரண்டையும் பட்டிமன்றத் தலைப்பாக வைக்கலாம்.

நம் பிள்ளைகள் இரண்டு முறைகளையுமே பார்த்தவர்கள். 2021 அக்டோபரில் நம் மாவட்ட ஊரக உள்ளாட்சித் தேர்தல் வாக்குச்சீட்டில் நடந்தது. தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சிக்கு மஞ்சள் என்று நிறம் பார்த்து மடித்துப் போட்டார்கள். முத்திரை கோட்டில் விழுந்து செல்லாமல் போன சீட்டுகளைப் பற்றி வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். இயந்திரத்தில் செல்லாத வாக்கு கிடையாது. ஆனால் வேறொன்று உண்டு. இயந்திர முறையில் முடிவு வாக்குச்சாவடி வாரியாகத் தெரிந்துவிடுகிறது. தெருவுக்கொரு சமுதாயம் என்று வாழும் ஊர்களில், எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று மறுநாளே பேச்சு எழும். தனிமனிதரின் வாக்கு ரகசியம். தெருவின் வாக்கு ரகசியமில்லை. பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்துக் காட்டும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015-இல் பரிந்துரைத்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நம் வட்டாரத்தில் இதை எச்சரிக்கையாகத்தான் பேச வேண்டும். எந்தத் தெருவின் பெயரும் வகுப்பில் வரக்கூடாது. ஆயினும் பேசாமல் விடக்கூடாது என்பது என் கருத்து.

ஆசிரியர்களாகிய நம் வாக்கும் இந்தப் பாடத்தில் சேரும். பக்கத்து ராதாபுரம் தொகுதியில் 2016-இல் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். தள்ளுபடியான அஞ்சல் வாக்குகள் 203. சான்றொப்பமிட்ட நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அதற்கு உரிய அலுவலர் அல்லர் என்பது தள்ளுபடிக்குச் சொன்ன காரணம். 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றையும் கடைசி மூன்று சுற்று வாக்குகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டது, எண்ணியும் முடித்தார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தேர்தல் பணிக்குப் போகும் நாம் 13-ஏ உறுதிமொழிப் படிவத்தில் யாரிடம் சான்றொப்பம் வாங்குகிறோம் என்பதைப் பயிற்சி வகுப்பிலேயே எழுத்துமூலம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குடவோலை என்றதும் உத்திரமேரூர் நினைவுக்கு வரும். அதைவிட ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது நம் மாவட்டத்து மானூர்க் கல்வெட்டு. ஏறத்தாழ கி.பி. 800-ஐச் சேர்ந்த அது, சபையில் உட்காரத் தகுதி என்ன என்று சொல்வதோடு, எதைச் சொன்னாலும் வேண்டுமென்றே 'அல்ல அல்ல' என்று தடுப்பவருக்கு ஐந்து காசு தண்டமும் விதிக்கிறது. உள்ளூர் வரலாறாக இதைச் சேர்த்துக்கொள்ளலாம். நிலமுள்ளவருக்கு மட்டுமே அங்கே இடம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மேல்நிலை வகுப்புகளுக்கு வீட்டுப்பணி எளிது. வாக்காளர் தகவல் சீட்டைக் கொண்டு வரச் சொல்லி, பாகம் எண், வரிசை எண் எங்கே இருக்கிறது என்று காட்டலாம். அது அடையாள ஆவணம் ஆகாது என்பது பல வீடுகளுக்கு இன்னும் தெரியாது. பெயர்ப்பிழை இருந்தால் படிவம் 8. பதினேழு வயது நிறைந்தவர்கள் படிவம் 6-ஐ முன்கூட்டியே தரலாம்; தகுதி நாள்கள் இப்போது ஆண்டுக்கு நான்கு. சந்தேகத்துக்கு 1950 என்ற எண் உண்டு.

ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினத்துக்குக் கோலப்போட்டியும் உறுதிமொழியும் வழக்கமாக இருக்கும். அன்று அட்டைப்பெட்டி இயந்திரத்தை வாசலில் வைத்து, பிள்ளைகளின் தாத்தா ஆச்சிகளைத் தொட்டுப் பார்க்க அழைக்கலாம். சின்னங்களாகப் பனம்பழம், புளியங்கொட்டை, பம்பரம் என்று எதை எடுத்தாலும், முதலில் தேர்தல் ஆணையத்தின் சின்னப் பட்டியலைப் பார்த்து, கட்சிக்குரியது எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாசிமணி கழன்று விழும்; பசைக்குப் பதில் நூலால் தைத்துவிடுவது நல்லது.