தொகுதியை விட்டுப் பகுதியைப் பாருங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுச் சுகாதாரத்தை முதன்மைப் பாடமாகப் படித்தேன். ஊரில் சொல்லும்போதெல்லாம் "அப்போ நீ டாக்டர் இல்லையா?" என்பார்கள். என் வகுப்பிலும் பலர் மருத்துவக் கல்லூரிக்கு ஒரு படியாகத்தான் இதை எடுத்திருந்தார்கள். அதில் தப்பில்லை. ஆனால் நோயாளியை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இரண்டாம் ஆண்டிலேயே சலிப்புத் தட்டிவிடும். இங்கே எதிரில் வந்து உட்காருவது பெரும்பாலும் அட்டவணைதான்.

அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது எபிடெமியாலஜி (நோய்ப் பரவலியல்) வகுப்பு. 1854இல் காலராவைத் தடுக்க லண்டன் பிராட் தெரு அடிபம்பின் கைப்பிடியை மருத்துவர் ஜான் ஸ்னோ கழற்றவைத்த கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதே ஆண்டு அவர் போட்ட இன்னொரு கணக்கு. தென் லண்டனில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருக்களில் தண்ணீர் விநியோகித்தன. லாம்பெத் கம்பெனி 1852இல் தேம்ஸ் நதியில் நகரச் சாக்கடை எட்டாத மேல்பகுதிக்குப் போய்விட்டது. சதர்க் அண்ட் வாக்ஸ்ஹால் இடம் மாறவில்லை. காலராச் சாவு விழுந்த வீடுகளில் எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று ஸ்னோ விசாரித்தார். பிறகு ஒவ்வொரு கம்பெனியின் மொத்த வீட்டுக் கணக்கால் வகுத்தார். பத்தாயிரம் வீடுகளுக்கு வாக்ஸ்ஹாலில் 315 சாவு, லாம்பெத்தில் 37. ராபர்ட் கோக் காலராக் கிருமியை அடையாளம் காட்ட இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன!

அந்த வகுத்தலில்தான் இந்தப் படிப்பே இருக்கிறது. மேலே நிற்கும் தொகுதி தலைப்புச் செய்தியாகிவிடும். கீழே நிற்கும் பகுதியை நாம்தான் தேடிப் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள் பெருகிவிட்டார்கள் என்று செய்தி வந்தால் இப்போது சும்மா இருக்க முடிவதில்லை. எத்தனை பேரில் இத்தனை பேர்? எல்லாரும் புதிதாக வந்தவர்களா, நல்ல சிகிச்சையால் நீண்ட நாள் வாழ்கிறவர்களும் சேர்ந்தா?

ஆகவே புள்ளியியலைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளாதீர்கள். 'ஆர்' மென்பொருள் இலவசம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்தும் 'என்ஹேன்ஸ்' உடல்நல ஆய்வின் தரவும் இலவசம். ஒரு விடுமுறையில் இரண்டையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினால் பாதி பயம் போய்விடும். சுகாதாரக் கொள்கை, நடத்தையியல் வகுப்புகளை வாசித்தே சமாளிக்கலாம்.

களப்பயிற்சிக்குப் பெரிய ஆய்வகத்தைவிட உள்ளூர் சுகாதாரத் துறையே மேல் என்பது என் கட்சி. ஓட்டல் சோதனைக்குப் போகும் அதிகாரிகளோடு நடந்தேன். குளிர்ந்த உணவு 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகக் கூடாது, சூடானது 135க்குக் கீழே இறங்கக் கூடாது என்று தெர்மாமீட்டரைக் குத்திப் பார்ப்பார்கள். அதற்கு முன்பே மூத்தவர் ஒருவர் கை கழுவும் தொட்டியை எட்டிப் பார்ப்பார். மதியக் கூட்ட நேரத்தில் அது காய்ந்து கிடந்தால் அவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எபிடெமியாலஜிஸ்ட் பதவிக்கு அமெரிக்காவில் பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் கேட்கிறார்கள். இளநிலையோடு நிற்பவர்களுக்குச் சுகாதாரக் கல்வி, சுற்றுச்சூழல் சோதனை, திட்ட ஒருங்கிணைப்பு மாதிரியான வேலைகள் உண்டு. விருப்பப் பாடத்துக்கு இடம் கிடைத்தால் ஸ்பானிஷ் எடுங்கள். நான் பார்த்த சமையலறைகளில் பாதிப் பேச்சு அதில்தான் நடந்தது.