பரணும் ஆறடிக் கயிறும்

வேட்டைக் கதை படிக்கிறவர்களுக்கு ‘மச்சான்’ என்றால் மரத்தின் மேல் கட்டிய பலகை மேடை. ஜிம் கார்பெட்டும், நம்ம சேலம், தருமபுரிக் காடுகளில் சுற்றிய கென்னத் ஆண்டர்சனும் துப்பாக்கியோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்தது அதில்தான். தூத்துக்குடியில் மச்சான் என்றால் வேற. முத்துக்குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை மேலே தோணியில் மச்சான்தான் பிடிப்பான், கூடப்பிறந்தவள் தாலியை நினைத்தாவது விடமாட்டான் என்று ஊரில் சொல்வார்கள். ரெண்டு மச்சானுக்கும் பொதுவான விஷயம் கயிறு. இந்தப் பாடமும் அதைப் பற்றித்தான்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே வேட்டை கிடையாது. ஆனா பரண் இருக்கு. விளாத்திகுளம் பக்கம் மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி அழிக்குது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றியை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு முடிவெடுத்தது. விவசாயி சுடக்கூடாது. அதனால் எங்க மாமா கையில் டார்ச்சும் தகர டப்பாவும் மட்டும்தான். (தினைப்புனம் காத்த வள்ளிக்காவது கவண் இருந்தது.) போன வருஷம் விடியக்காலம் தூக்கக் கலக்கத்தில் இறங்கும்போது ஏணியில் வழுக்கி, கணுக்கால் உடைந்து ரெண்டு மாசம் படுத்துவிட்டார். இந்த வருஷம் கடையில் ஆறடிக் கயிறு வாங்கி வந்து, “மருமவனே, இதை இடுப்புல கட்டி, மறுமுனையைப் பலகையில கட்டிட்டா போதும்லா?” என்றார்.

போதாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பரண் பத்தடி, அதாவது சுமார் 3 மீட்டர். மாமா 70 கிலோ. நிற்கும்போது இடுப்பு பலகைக்கு மேலே 1 மீட்டரில் இருக்கும். கயிறு 1.8 மீட்டர். விழுந்தால் இடுப்பு முதலில் பலகை மட்டத்துக்கு வந்து, அப்புறம் கயிறு நீளத்துக்கு இறங்கணும். மொத்தம் 2.8 மீட்டர். கயிறு இறுகும்போது பாதம் தரையிலிருந்து வெறும் 20 சென்டிமீட்டர். வேகம் மணிக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர். அந்த 20 சென்டிமீட்டருக்குள் கயிறு நீண்டு நிறுத்தினால் சராசரி விசை 10 கிலோ நியூட்டனுக்கு மேல். ஒரு டன் எடை இடுப்பில்! விழுபவர் மேல் 6 கிலோ நியூட்டனுக்கு மேல் வரக்கூடாது என்பது ஐரோப்பியத் தரம், அதுவும் முழு உடல் ஹார்னஸ் போட்டவருக்கு. இடுப்பில் மட்டும் கட்டினால் விலா எலும்பும் முதுகும்தான் அதை வாங்கும். சரி, முதுகில் வளையம் உள்ள ஹார்னஸை மாட்டி அதே கயிற்றைப் பலகையில் கட்டினால்? வளையம் 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். கயிறு இறுகும் முன்னாடியே கால் தரையில் மோதிவிடும்.

இதையே தலைக்கு மேலே, அடிமரத்தில் கட்டி, உட்கார்ந்தால் கயிறு தொய்யாத அளவுக்குக் குட்டையாக வையுங்க. விழுவது 30 சென்டிமீட்டர்தான். குட்டைக் கயிறு குறைவாகத்தான் நீளும், 10 சென்டிமீட்டர் என்றே வைத்தாலும் விசை 3 கிலோ நியூட்டனைத் தொடாது. அதே ஆள், அதே மரம். மாறியது முடிச்சு போட்ட இடமும் நீளமும்தான். துறைமுகத்தில் கிரேன் ஏறுபவர்கள் கொக்கியைக் கால் மட்டத்தில் மாட்டக்கூடாது என்பதும் இதனால்தான்.

இன்னொன்று: விழாமல் தொங்கினால் தப்பித்தோம் என்று அர்த்தம் இல்லை. ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி, சில நிமிஷத்திலேயே மயக்கம் வரலாம். காலை ஊன்றி நிற்க ஒரு கயிற்று வளையமும், சட்டைப் பையில் போனும் வேணும். எந்தப் பரணில் இருக்கிறோம் என்று வீட்டில் ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

துப்பாக்கி எங்கே வருது? ஜெர்மனியில் உயர இருக்கையிலிருந்து சுடுவது சாதாரணம். ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும்; மேலிருந்து கீழே சுட்டால் குறி தப்பினாலும் மண்ணில் புதையும். ஆனா ஏறும்போதும் இறங்கும்போதும் தோட்டா உள்ளே இருக்கக்கூடாது என்பது அங்கே விதி. ஒவ்வொரு முறை ஏறும் முன்னாடியும் ஏணியையும் மரத்தையும் சோதிக்கணும் என்பதும் விதி. பாதுகாப்பாக ஏறும் முறை இது: வெறுங்கையோடு ஏறி, உட்கார்ந்து, கொக்கியை மாட்டிய பிறகு, காலி ரைஃபிளைக் குழல் கீழ்நோக்கி இருக்கக் கயிற்றில் மேலே இழுக்கணும். இறங்கும்போது அப்படியே தலைகீழ். ஏணியில் எப்பவும் ரெண்டு கால் ஒரு கை, இல்லை ரெண்டு கை ஒரு கால் பிடியில் இருக்கணும். கையில் பொருள் இருந்தால் அது முடியாது.

“என்கிட்ட துப்பாக்கியே இல்லையேடே” என்றார் மாமா. போன வருஷம் வழுக்கியபோது ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் ஃபிளாஸ்க் இருந்ததை ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஹார்னஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். ஆறடிக் கயிறு இப்போ ஆடு கட்ட. ஃபிளாஸ்க்கை மேலே இழுக்கப் பதினைந்து அடியில் தனியாக ஒன்று வாங்கியிருக்கிறார்.