கடை டி.வி.யில் பில் தெளிவாகத் தெரிய



2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு நம் செஞ்சி கடைத்தெருவிலும் கம்ப்யூட்டர் பில் பரவிவிட்டது. பில் போடும்போதே வாடிக்கையாளரும் பார்க்கட்டும் என்று கல்லாவுக்கு மேலே ஒரு டி.வி.யை மாட்டிக் கம்ப்யூட்டருடன் இணைப்பது நல்ல ஏற்பாடு. நாமும் அப்படித்தான் செய்தோம். முதல் வாரத்திலேயே வம்பு வந்தது.

மேல்மலையனூர்ப் பக்கத்துச் சிறுகடைக்காரர் ஒருவர், நம்மிடம் இருபது வருடமாகச் சரக்கு எடுப்பவர், டி.வி.யைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, பருப்பு, சீனி எல்லாம் தெரியுது, கூட்டுத்தொகை மட்டும் தெரியலையே, மறைச்சு வச்சிருக்கீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் நமக்குச் சுருக்கென்றது. நிமிர்ந்து பார்த்தால் கம்ப்யூட்டரில் இருக்கும் கடைசி வரி டி.வி.யில் இல்லை. வலது ஓரத்தில் பைசாவும் இல்லை.

காரணம் இதுதான். பழைய குழாய் டி.வி.க்களில் படத்தின் ஓரம் ஒழுங்காக இராது. அதை மறைக்கப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி, ஓரங்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். சினிமாவுக்கு அதனால் நஷ்டமில்லை. தட்டை டி.வி. வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஓரத்துக்கு நூற்றுக்கு இரண்டரை பங்கு போனாலும், 1920 புள்ளி அகலத்தில் பக்கத்துக்கு 48 புள்ளி காணாமல் போகும். மிச்சத்தை இழுத்து நிரப்புவதால் எழுத்தும் மங்கும்.

கம்ப்யூட்டரில் கை வைக்குமுன் டி.வி. ரிமோட்டை எடுங்கள். படத்தின் அளவு என்ற இடத்தில் சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்', எல்.ஜி.யில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்று பெயர் மாறி இருக்கும். அதைப் போட்டதும் நம் கூட்டுத்தொகை திரும்பி வந்தது.

அடுத்தது புள்ளிக் கணக்கு. டி.வி. முழு எச்.டி.யானால் கம்ப்யூட்டரிலும் 1920-க்கு 1080 வைக்க வேண்டும். லேப்டாப்பில் உள்ளதையே டி.வி.யிலும் காட்டும்படி வைத்தால் இரண்டுக்கும் ஒரே அளவுதான் போகும். லேப்டாப் 1366-க்கு 768 ஆக இருந்தால் டி.வி.யில் எழுத்து நைந்துதான் தெரியும். விண்டோஸ் பொத்தானுடன் 'பி'யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' என்று வைத்தால் இரண்டுக்கும் தனித்தனி அளவு கொடுக்கலாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பில் பக்கத்தை மட்டும் டி.வி. பக்கம் தள்ளிவிடலாம். கொள்முதல் விலையைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்கள் படும் பாடு நமக்குத் தெரியும்!

எழுத்து சிறிதாகத் தெரிந்தால் புள்ளியைக் குறைக்காதீர்கள். 'ஸ்கேல்' என்ற இடத்தில் 125 அல்லது 150 வையுங்கள்.

சிவப்பு, நீல எழுத்துகளின் விளிம்பு மட்டும் கலங்கினால், டி.வி. வண்ண விவரத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்று அர்த்தம். சில டி.வி.க்களில் அந்த எச்.டி.எம்.ஐ. இணைப்புக்குப் 'பி.சி.' என்று பெயர் மாற்றினாலே சரியாகிவிடும். 'ஷார்ப்னெஸ்' கூட்டுவது தவறு. எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் கட்டும். குறைக்கத்தான் வேண்டும்.

2006 முதல் அரசு கொடுத்த இலவச வண்ண டி.வி. வீட்டில் சும்மா கிடக்கிறதே, அதை மாட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அதில் கண்ணுக்குத் தெரிவது 576 வரிகள்தான். மஞ்சள் வயர் ஒன்றிலேயே வெளிச்சமும் வண்ணமும் கலந்து போவதால் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது. மாற்றுக் கருவி வாங்கும் பணமும் தண்டம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. இருபது சாமான் உள்ள பில் ஒன்றைப் போட்டு, வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் நீங்களே போய் நின்று கடைசி வரியைப் பைசா வரை படித்துப் பாருங்கள். கண்ணாடி போடாமல் ஒரு தடவையும் படியுங்கள்.