இரண்டாவது கேள்வி

அன்புத் தங்கைக்கு,

வேட்பாளர் பேட்டிக்கு நீ எழுதி அனுப்பிய கேள்விகளைப் படித்தேன். முதல் கேள்வியையே அடித்துவிட்டேன். "ராணுவத்தில் ஒரு நாள்கூட இல்லாத நீங்கள் நாட்டை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?" என்று கேட்டால், அவர் தாத்தா சிறைக்குப் போனதில் தொடங்கி எல்லையில் நிற்கும் ஜவான்வரை உருகிப் பேசி முடிப்பார். கைதட்டல் அவருக்கு, உனக்கு நேரம் போனதுதான் மிச்சம். ஒருவருடைய தேசபக்தியைச் சந்தேகித்துக் கேட்டால் அவருக்கு நாமே மேடை போட்டுக் கொடுத்த மாதிரி.

பெயர் கேட்டு மடக்குவதிலும் எனக்கு இஷ்டமில்லை. 1999 நவம்பரில் பாஸ்டன் தொலைக்காட்சி நிருபர் ஒருவர், அப்போது டெக்சஸ் ஆளுநராக இருந்த ஜார்ஜ் புஷ்ஷிடம் செச்சன்யா, தைவான், இந்தியா, பாகிஸ்தான் தலைவர்களின் பெயரைக் கேட்டார். தைவானுக்கு மட்டும் "லீ" என்றார் புஷ். வாஜ்பாய் பெயர் வாயில் வரவில்லை. ஊர் சிரித்தது. ஆனால் அதே பேட்டியில், பாகிஸ்தானில் ஆட்சியைப் பிடித்த தளபதி நாட்டை நிலைப்படுத்துவார் போலிருக்கிறது, துணைக்கண்டத்துக்கு அது நல்ல செய்தி என்றும் அவர் சொன்னார். முஷாரஃப் ஆட்சியைக் கவிழ்த்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கார்கில் போர் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நீயாக இருந்தால் நிற்க வேண்டிய இடம் அதுதான்: "எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?" பெயர்களை யாரும் ஒரே ராத்திரியில் மனப்பாடம் செய்துவிடலாம்.

மாக்ஸ் ஃபிராங்கல் செய்ததைப் பார். 1976 அக்டோபர் 6, சான் பிரான்சிஸ்கோ விவாத மேடை. ஃபோர்டு பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர், எதிரே போட்டியிடும் கார்ட்டர். நியூயார்க் டைம்ஸ்காரரான ஃபிராங்கல், சோவியத்தும் சேர்ந்து கையெழுத்திட்ட ஹெல்சின்கி உடன்பாட்டைக் குறிப்பிட்டு, ரஷ்யர்கள் நம்மை முந்துகிறார்களா என்ற தோரணையில் கேட்டார். கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கமே இல்லை என்று பதில் வந்தது. ஃபிராங்கல் வாதாடவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, தான் புரிந்துகொண்டது சரிதானா, ரஷ்யப் படைகள் அந்த நாடுகளைப் பிடியில் வைத்திருக்கவில்லை என்றா சொல்கிறீர்கள் என்று திரும்பக் கேட்டார். சொன்னதை மாற்றிக்கொள்ள அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஃபோர்டோ யூகோஸ்லாவியா, ருமேனியா, போலந்து என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி இன்னும் ஆழத்துக்குப் போனார். போலந்தில் சோவியத் படைகள் முகாமிட்டிருந்த காலம் அது! தவறை ஒப்புக்கொள்ள அவருக்குப் பல நாள் ஆயிற்று, நவம்பரில் தோற்றார். அந்த ஒரு பதில்தான் அவரைத் தோற்கடித்தது என்று சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கேட்ட விதத்தைத்தான் நீ கவனிக்க வேண்டும்.

இதைவிடச் சிரமம், வேட்பாளர் கணக்கோடு வரும்போது. 1960 தேர்தலில் கென்னடி, ஏவுகணையில் சோவியத் நம்மை முந்திக்கொண்டிருக்கிறது என்று ஊர் ஊராகச் சொன்னார். ஐசன்ஹோவர் அரசிடம் யூ-2 உளவு விமானம் எடுத்த படங்கள் இருந்தன. கென்னடியை எதிர்த்து நின்ற துணை அதிபர் நிக்சன் அவற்றை மேடையில் விரித்துக் காட்ட முடியுமா? கென்னடி பதவியேற்ற மறுமாதமே, அவருடைய பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா அப்படியொரு பின்னடைவு இல்லை என்று நிருபர்களிடம் சொல்லிவிட்டார். 1961 செப்டம்பரில் வந்த உளவு மதிப்பீடு, கண்டம் தாண்டும் ஏவுகணைகளுக்கான சோவியத் ஏவுதளங்கள் 10 முதல் 25 வரைதான் என்றது. கென்னடி தெரிந்தே பொய் சொன்னார் என்று நான் சொல்லவரவில்லை. முன்பு உலவிய பெரிய எண்கள், சோவியத்தால் எத்தனை செய்ய முடியும் என்ற ஊகத்தில் பிறந்தவை.

அதனால் எண் வந்தால் விடாதே. எண்ணியதா, ஊகித்ததா? எந்தத் தேதி நிலவரம்? யார் கொடுத்தது? "ரகசியம், சொல்லக்கூடாது" என்றால் அதையும் அப்படியே எழுது. எதிராளி வாய் திறக்காததை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதே. அவர் கையும் கட்டப்பட்டிருக்கலாம்.

பேட்டி வெளியான பிறகு வேட்பாளர் கூப்பிட்டு, சொன்னதைத் திருத்தச் சொன்னால் திருத்தத்தைப் போடு. முதலில் சொன்னதை எடுத்துவிடாதே. கட்சிக்காரர்கள் போனில் திட்டுவார்கள், ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வை. பதிவு முழுவதையும் பத்திரமாக வைத்துக்கொள். கேள்விகளைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு துணைக்கேள்வி எழுதி, திங்கட்கிழமைக்குள் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்