கேனைத் திறக்கும் முன்

ஹைதராபாத்தில் உள்ள மாதாப்பூரில் உயரமான அலுவலகக் கட்டடங்கள் நிறைய உண்டு. அங்கே தரை துடைக்கவும் கழிப்பறை கழுவவும் பலர் வேலை செய்கிறார்கள். அவர்கள் ஆசிட், பிளீச்சிங் திரவம் போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். நம் வீடுகளிலும் இவை உண்டு.

இரண்டையும் சேர்த்து ஊற்றினால் கறை நன்றாகப் போகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. இரண்டும் கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். கண் எரியும். மூச்சுத் திணறும். உயிரும் போகலாம்.

இதை நமக்குச் சொல்ல ஒரு தாள் உண்டு. அதன் பெயர் பாதுகாப்புத் தகவல் தாள்.

போபால் தந்த பாடம்

தகவல் தெரியாமல் ஓர் ஊரே துன்பப்பட்டது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, போபாலில் யூனியன் கார்பைடு ஆலையில் ஒரு தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. அதில் மீதைல் ஐசோசயனேட் இருந்தது. அதனுடன் தண்ணீர் சேரவே கூடாது. நச்சு வாயு வெளியேறி ஊருக்குள் பரவியது. மக்கள் எழுந்து ஓடினார்கள். ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடியிருந்தால் பலருக்குப் பாதிப்பு குறைந்திருக்கும். அதை அவர்களுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

அதன் பிறகு, 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்துகளைத் தொழிலாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது கூறியது. 1989இல் வந்த அரசு விதிகளில் தகவல் தாளும் இடம் பெற்றது.

எதைப் பார்ப்பது?

இப்போது வரும் தாளில் பொதுவாக 16 பகுதிகள் இருக்கும். முதலில் இந்த ஐந்தைப் பாருங்கள்.

பகுதி 2: என்ன ஆபத்து? மண்டை ஓட்டுப் படம் கொடிய நச்சைக் குறிக்கும். தீப் படம், எளிதில் தீப்பற்றும் என்று சொல்லும்.
பகுதி 4: முதலுதவி. ஆசிட் மேலே பட்டால் 15 நிமிடமாவது தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.
பகுதி 7: எப்படிக் கையாள்வது? எங்கே வைப்பது?
பகுதி 8: கையுறை, கண்ணாடி, முகமூடி. எவை வேண்டும்?
பகுதி 10: எதனுடன் சேரக் கூடாது?

தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தயங்க வேண்டாம். எண்ணைக் காட்டி, "இந்தப் பகுதியைப் படித்துச் சொல்லுங்கள்" என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

பெயர் ஒட்டாத கேனைத் திறக்காதீர்கள். குடிநீர் பாட்டிலில் ஆசிட் ஊற்றி வைக்காதீர்கள்.

கலந்து பேசுவோம்

1. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் என்னென்ன இரசாயனங்கள் உள்ளன? பெயர்களை எழுதுங்கள்.
2. அவற்றில் எதை எதனுடன் சேர்க்கக் கூடாது?
3. தகவல் தாள் எங்கே இருக்கிறது? நாளை கேட்டு வாருங்கள்.