சொல்லட்டைச் செயலி

பிறமொழி பயிலப் புகுவார்க்கு இலக்கணத்தினும் பேரிடர் தருவது சொற்பெருக்கமே. இன்று கற்ற இருபது சொற்களுள் நாளை எஞ்சுவன சிலவே. திங்கள் ஒன்று கழியின் அவையும் ஐயத்திற்கு இடமாகும். இவ்விடர் நோக்கியே நம் முன்னோர் நிகண்டுகளைச் செய்யுளாக யாத்தனர். திண்ணைப் பள்ளிச் சிறார் சூடாமணி நிகண்டின் விருத்தங்களை முறைவைத்து ஓதி நெஞ்சிற் பதித்தனர். அவ்வோசைத்துணை இல்லாத இக்காலத்து மாணவர்க்குக் கைப்பேசிச் செயலி ஒன்று எவ்வாறு துணைசெய்யும் என்பதும், அத்தகையதொன்றை அமைக்கப் புகுந்த யாம் எங்கே வழுவினோம் என்பதும் ஈண்டுக் கூறப்படும்.

மறதியை முதன்முதல் அளந்து காண முயன்றவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் செருமானிய அறிஞர். பொருளற்ற அசைகளைத் தாமே தொடுத்து, தாமே மனப்பாடஞ் செய்து, தாமே மறந்து, கண்ட முடிபுகளை 1885-இல் நூலாக வெளியிட்டார். மறந்த தொடரை மீளக் கற்குங்கால் முன்னைய உழைப்பில் எவ்வளவு மிச்சமாகின்றது என்பதே அவர் கொண்ட அளவுகோல். இருபது நிமிடங் கழித்து 58 விழுக்காடு மிச்சம். ஒரு நாள் கழித்து 34. ஒரு திங்கள் கழித்து 21. எனவே மறதி முதல் நாளில் வெள்ளம்போற் பாய்ந்து, பின்னர் மெல்லெனக் கசிவதாயிற்று. இதனினும் வியத்தற்குரியது பிறிதொன்று. பன்னிரண்டு அசைத் தொடரை ஒருங்கே 68 முறை ஓதியதன் பயன், மூன்று நாட்களுக்குப் பகுத்து 38 முறை ஓதியதனாலேயே அவர்க்கு எய்திற்று. தேர்வின் முன்னிரவு முழுதும் விளக்கெரிக்கும் விடுதி அன்பர்கள் இதனை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. எம்மையும் சேர்த்தே கூறுகின்றோம்.

இவ்வுண்மையைக் கருவியாக்கியவர் பலர். செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் வெளியிட்ட நூலில் அறைகள் பகுத்த அட்டைப் பெட்டி ஒன்றை விளக்கினார். விடை சரியாயின் அட்டை அடுத்த அறைக்குச் செல்லும். தவறாயின் முதலறைக்கே மீளும். பின்னறைகளை அருகியே திறத்தலின், அறிந்த சொல் நெடுநாள் உறங்கும். அறியாத சொல் அடிக்கடி எதிர்ப்படும். போலந்து நாட்டு மாணவராயிருந்த பியோத்தர் வோஸ்னியாக் இவ்வுண்மையைக் கணினிக்கு ஏற்ற கணக்காக்கி 1987-இல் சூப்பர்மெமோ என்னும் மென்பொருளை ஆக்கினார். அக்கணக்கின்படி, சரியான விடை பெற்ற அட்டை முதலில் 1 நாளும், அடுத்து 6 நாளும் கழித்துத் தோன்றும். அதன்பின் முன்னைய இடைவெளியை ஓர் எண்ணாற் பெருக்குவர். அவ்வெண் 2.5-இல் தொடங்கும், சொல் அரிதெனிற் குறையும், 1.3-இன் கீழ் இறங்காது. எண் மாறாதிருப்பின் இடைவெளிகள் 1, 6, 15, 38 நாட்கள் என விரியும். மறந்த சொல்லோ மீண்டும் ஒரு நாளிலிருந்தே தொடங்கும். சப்பானிய மொழி பயின்ற டேமியன் எல்ம்ஸ் 2006-இல் வெளியிட்ட ஆங்கி என்னும் செயலியும் தொடக்கத்தில் இக்கணக்கின் வழிவந்ததே. மனப்பாடம் எனப் பொருள்படும் சப்பானியச் சொல்லே அதன் பெயர்.

கணக்கு இவ்வாறு ஆயத்தமாய்க் கிடைத்தலின், செயலி அமைத்தல் எளிதென்றே யாம் எண்ணினோம். எம் விடுதியில் மிசோரத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் தமிழ் கற்க விழைந்தார். கணினியியல் பயிலும் தோழர் ஒருவர் நிரல் எழுத, சொற்களைத் தொகுக்கும் பொறுப்பைத் தமிழ் மாணவராகிய யாம் ஏற்றோம். நாளொன்றுக்கு இருபது புதுச்சொல் என வகுத்தோம். இது முதற் பிழை. நாடோறும் 20 சேர்ந்துகொண்டே வரின், அறுபது நாள் கழிந்தபின் 1, 7, 22, 60 நாட்களுக்கு முன் கற்றவை நான்கும் ஒருங்கே திரும்பும். மறந்தவை ஒழியவே நாளொன்றுக்கு 80 அட்டைகள்! பருவத்தேர்விற்காக நண்பர் ஐந்து நாள் விடுத்தமையால் 300-இற்கு மேற்பட்ட அட்டைகள் அவர்க்காகக் காத்திருந்தன. அவ்வெண்ணைக் கண்டவர் ஒரு வாரம் செயலியைத் திறக்கவே இல்லை. இப்போது எட்டுச் சொற்களே புதிதாகத் தோன்றும். நிலுவை 60-ஐக் கடப்பின் புதுச்சொல் தானே நின்றுவிடும். நிலுவைத் தொகையைப் பெரிய எழுத்திற் காட்டுவதையும் ஒழித்தோம்.

இரண்டாவது பிழை எழுத்தைப் பற்றியது. மிசோ மொழி உரோமன் எழுத்தில் எழுதப்படுவது. ஆதலின் தமிழ்ச்சொல்லின் கீழ் உரோமன் எழுத்தையும் இட்டோம். நண்பர் கண் கீழ்வரியிலேயே நிலைத்தது. பலமும் பழமும் அவர்க்கு ஒன்றாயின. அவ்வரியை நீக்கி, தொட்டால் ஒலிக்கும் குரலை அவ்விடத்து வைத்தபின்னரே லகர ழகர வேறுபாடு அவர் செவிக்குப் புலனாயிற்று.

இவற்றினும் பெரிது, அட்டையில் எதனை எழுதுவது என்பது. தனிச்சொல்லும் அதன் பொருளுமாக யாம் எழுதினோம். ‘ஆறு’ என்னும் அட்டைக்கு எண்ணென்று விடை கூறினும் பிழை, நதியென்று கூறினும் பிழை என்னும் நிலை நேர்ந்தது. ‘வீடு’ அறிந்தவர் ‘வீட்டில்’ என்பதனை அறிந்திலர். ‘கொல்’, ‘கொள்’ என்னும் பகுதிகள் கொன்றான், கொண்டான் எனத் திரிவதைப் பகுதி மட்டும் கற்றவர் எங்ஙனம் உய்த்துணர்வார்? ஆகவே பெயர்க்கு வேற்றுமையேற்ற வடிவினையும், வினைக்கு இறந்தகால வடிவினையும் உடன்சேர்த்து, ஒவ்வொன்றையும் சிறு தொடருள் வைத்தோம். தமிழ் கண்டு பொருள் கூறுதல் வேறு, பொருள் கண்டு தமிழ் கூறுதல் வேறு. முன்னதில் தேறியவர் பின்னதில் நாவெழாது நிற்றலைக் கண்டு, அவற்றை இரண்டு அட்டைகளாகப் பிரித்தோம்.

இவ்வளவு செய்தும் எம் செருக்கு ஒன்று எஞ்சியிருந்தது. அட்டைகளெல்லாம் செந்தமிழிலேயே இருந்தன. கார்த்திகைத் திங்களில் நண்பர் காய்ச்சலுற்றுத் தனியே மருந்துக்கடைக்குச் சென்றார். அதற்குள் அவர் முந்நூறு சொல் கற்றிருந்தார். கடைக்காரர், “சாப்ட்டப்புறம் போட்டுக்கங்க” என்றாராம். ‘உண்’, ‘பின்னர்’, ‘உட்கொள்’ என்னும் மூன்றையும் நண்பர் அறிவார். கேட்ட தொடரில் அவற்றுள் ஒன்றும் இல்லை. ‘போடு’ என்பதற்கு யாம் எழுதிய பொருள், கீழே இடுதல் என்பதே. வெறுவயிற்றில் மாத்திரையை விழுங்கி, இரவெல்லாம் வாந்தியெடுத்து வருந்தினார். காலையில் அச்செய்தி கேட்டு யாம் நாணினோம். வழக்கும் செய்யுளும் என இரண்டனையும் ஆராயும் தொல்காப்பியத்தைப் பாடமாகப் பயின்றுகொண்டே, வழக்கினைக் கொச்சையெனத் தள்ளியவர் யாமன்றோ!

அதுமுதல், எழுதுந் தமிழ் ஒருபுறமும் பேசுந் தமிழ் குரலாக மறுபுறமும் அமைய அட்டைகளைத் திருத்தி வருகின்றோம். ‘இருக்கிறது’ என்பதன் அருகே ‘இருக்கு’. ‘வருகிறேன்’ என்பதன் அருகே ‘வர்றேன்’. எம் குரலிற் பதிந்தவை மேடைப்பேச்சுப்போல் ஒலித்தமையால், உணவுக்கூடத்துப் பெரியவர் ஒருவரை வேண்டினோம். “இதெல்லாமா தம்பி பாடம்?” என்று நகைத்துப் பத்துத் தொடர்களைப் பேசித் தந்தார். முதல்நாள் அவற்றுள் நான்கே நண்பர்க்கு விளங்கின. மூன்றாம் வாரத்தில் எட்டு. மற்றை இரண்டும் ஒவ்வொரு நாளும் தவறி, இன்னும் நாடோறும் காலையில் அவர்முன் தோன்றிக்கொண்டிருக்கின்றன.