செவிலியர் பயிற்சியும் கண்ணோட்ட மாற்றமும்

கல்வி இருவகைப்படும். அறியாததை அறிவது ஒன்று. அறிந்ததாகக் கருதியதை ஆராய்ந்து திருத்திக் கொள்வது மற்றொன்று. பின்னதைக் கண்ணோட்ட மாற்றக் கல்வி எனலாம். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஜாக் மெசிரோ, இடைவெளிக்குப் பின் கல்லூரிக்குத் திரும்பிய மகளிரை ஆராய்ந்து, 1978-இல் இக்கருத்தை வெளியிட்டார். பழைய எண்ணத்திற்குள் அடங்காத ஓர் அனுபவம் நேர்கிறது, கற்பவர் அந்த எண்ணத்தின் அடிப்படையை ஆராய்கிறார், பிறருடன் விவாதிக்கிறார், புதிய முறையில் செயல்பட்டுப் பார்க்கிறார். அவர் வகுத்த படிகளின் சாரம் இதுவே.

நம் நாட்டில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு மகப்பேற்றுச் செவிலியர் பயிற்சியாகும். மத்திய சுகாதார அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பிரசவ அனுபவமுள்ள பதிவு பெற்ற செவிலியருக்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சியை வகுத்தன. இவர்கள் தொழிலுக்குப் புதியவர் அல்லர். ஆகவே, கற்க வேண்டியதைக் காட்டிலும் கைவிட வேண்டியதே இவர்களுக்குக் கடினமாகிறது.

தாய் மல்லாந்து படுத்தே பெற்றெடுக்க வேண்டும். பிறப்புவாயைக் கீறி விடுவதே பாதுகாப்பு. கருப்பை வாய் மணிக்கு 1 சென்டிமீட்டர் விரியாவிடில் ஆபத்து. உறவினர் வெளியே நிற்க வேண்டும். இவை பல பிரசவ அறைகளில் நெடுங்காலம் விதிபோல் நிலவியவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2018-ஆம் ஆண்டுப் பரிந்துரைகள் இவற்றை ஏற்கவில்லை. வழக்கமான கீறல் வேண்டாம். தாய் விரும்பும் நிலையும், விரும்பும் துணையும் வேண்டும் என்பதே அவற்றின் முடிவு.

இதனைச் சுற்றறிக்கையால் மட்டும் கற்பிக்க இயலாது. “இச்செயலை ஏன் செய்கிறோம்? இது தாயின் நலனுக்கா, நம் வசதிக்கா?” என்று ஆசிரியர் வினவ வேண்டும். தாம் பார்த்த ஒரு பிரசவத்தைப் பயிற்சி பெறுபவர் எழுதி, சக செவிலியருடன் விவாதிக்க வேண்டும். எனினும், எல்லாவற்றையும் விவாதத்திற்கு விட்டுவிடலாகாது. கை கழுவுதல், குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுதல் ஆகியவை பிழையின்றிப் பழக வேண்டிய பயிற்சிகள். எதைப் பழக்கமாக்குவது, எதை மறு ஆய்வு செய்வது என்று பகுத்தறிவதே தேர்ச்சி.

பொருளாதார நோக்கில் பயிற்சிச் செலவு மனித வளத்தில் இடும் முதலீடு. பயிற்சி முடித்து வந்தவர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டால் அம்முதலீடு வீணாகும். அவர் அதே பிரசவ அறைக்குத் திரும்பினாலும், அங்கே மறைவுத் திரை இல்லை, நடமாட இடமில்லை, துணைக்கு அனுமதி இல்லை எனில், சில வாரங்களில் பழைய முறையே மீளும். அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு மத்திய அரசு 2016-இலேயே அனுமதி அளித்துள்ளது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

எனவே ஆய்வுக்குச் செல்லும் அதிகாரி, பயிற்சி பெற்றோரின் எண்ணிக்கையுடன் நின்றுவிடலாகாது. அவர்கள் இன்று எங்கே பணியாற்றுகிறார்கள், கற்றதைச் செய்ய அங்கே இடமுண்டா என்றும் கேட்டறிய வேண்டும். செவிலியர் கற்றதன் பயன் தாயைச் சென்றடைவது அவ்விடைகளைப் பொறுத்ததே.